புனித தொன் போஸ்கோ: வெளியே அழைத்துச் சென்ற தந்தை



ஆண்டுத் தேர்வுகள் முடிந்து கோடை விடுமுறை தொடங்கும்போது நம் பங்குகளில் ஒரு கேள்வி தவறாமல் எழுகிறது. மறைக்கல்வி மாணவர்களையும் பீடச்சிறுவர்களையும் இரண்டு நாள் வெளியே அழைத்துச் செல்வோமா, வேண்டாமா? பங்குப் பேரவையில் சிலர் செலவைச் சொல்வார்கள். சிலர் வெயிலையும் பாதுகாப்பையும் சொல்வார்கள். பெற்றோரில் பலர், அந்த இரண்டு நாள் டியூஷன் போய்விடுமே என்று தயங்குவார்கள். விளையாடிவிட்டு, சாப்பிட்டுவிட்டு வருவதால் பிள்ளைகளுக்கு என்ன வந்துவிடப் போகிறது, பங்குக்குத்தான் என்ன கிடைக்கப் போகிறது என்ற எண்ணம் நம்மில் பலருக்கும் உள்ளுக்குள் இருக்கிறது.

இந்தக் கேள்விக்கு ஒருவருடைய வாழ்க்கையே பதிலாக இருக்கிறது. அவர் நமக்குப் புதியவர் அல்ல. அவர் பெயரில் பள்ளிகளும், தொழிற்கூடங்களும், தெருவோரப் பிள்ளைகளுக்கான அன்பு இல்லங்களும் நம் சென்னையிலேயே பல உண்டு. அவர்தான் புனித ஜான் போஸ்கோ. தொன் என்பது இத்தாலியில் குருக்களின் பெயருக்கு முன் வழங்கும் மரியாதைச் சொல். அந்தச் சொல்லோடு சேர்த்து தொன் போஸ்கோ என்றே உலகம் அவரை அழைக்கிறது. அவர் பள்ளிகளைக் கட்டியவர் என்பது நமக்குத் தெரியும். முதல் பள்ளியைக் கட்டுவதற்கு முன்பே, தங்க இடமில்லாத சிறுவர்களோடு சாலைகளிலும் குன்றுகளிலும் நடந்தவர் என்பதை நாம் அதிகம் பேசுவதில்லை. அதைத்தான் இன்று சிந்திக்க விரும்புகிறோம்.

குன்றுகளில் வளர்ந்த சிறுவன்

வட இத்தாலியின் பியத்மோந்து பகுதியில், பெக்கி என்ற சிறு குக்கிராமத்தில் 1815 ஆகஸ்ட் 16 அன்று ஜான் பிறந்தார். இரண்டு வயது நிறைவதற்குள் தந்தையை இழந்தார். தாய் மார்கரீத்தா எழுதப் படிக்கத் தெரியாதவர். நிலத்தில் உழைத்துப் பிள்ளைகளை வளர்த்தார். ஐந்து கிலோமீட்டர் தொலைவில் இருந்த பள்ளிக்கு ஜான் நடந்தே போய் வந்தார். மதிய உணவுக்கும் வீடு திரும்ப வேண்டியிருந்த காலத்தில் ஒரு நாளைக்கு இருபது கிலோமீட்டர் நடை.

திருவிழாச் சந்தைகளில் கழைக்கூத்தாடிகள் செய்யும் வித்தைகளைக் கூர்ந்து பார்த்து, வீட்டுக்கு வந்து தானே பழகிக்கொண்டார். புல்வெளியில் இரண்டு மரங்களுக்கு இடையே கயிறு கட்டி அதன் மேல் நடந்து காட்டினார். வேடிக்கை பார்க்க ஊரார் கூடினார்கள். அவர்களோடு முதலில் செபமாலை, பிறகு காலையில் கோவிலில் கேட்ட மறையுரையின் சுருக்கம், அதன் பிறகுதான் வித்தை. பத்து, பதினோரு வயதிலேயே இப்படி ஒரு திறந்தவெளி மறைக்கல்வி நடந்தது.

கியேரி நகரில் படித்தபோது, 1832-இல் தோழர்களைச் சேர்த்து மகிழ்ச்சிக் கழகம் என்று ஒன்றைத் தொடங்கினார். விளையாட்டு, பாட்டு, நீண்ட நடை, செபம் எல்லாம் அதில் உண்டு. அந்த ஊருக்கு வந்த ஒரு கழைக்கூத்தாடி ஞாயிற்றுக்கிழமைகளில் வித்தை காட்டி, கோவிலுக்குப் போகும் இளைஞர்களை இழுத்துக்கொண்டிருந்தான். ஜான் அவனோடு பந்தயம் கட்டினார். ஓட்டத்தில் வென்றார், தாண்டுவதில் வென்றார், கோல் வித்தையில் வென்றார், மரம் ஏறுவதிலும் வென்றார். அந்த மனிதன் 240 லீரா இழந்து நின்றான். இங்கேதான் நாம் கவனிக்க வேண்டும். ஜான் அந்தப் பணத்தை வைத்துக்கொள்ளவில்லை. கழகத் தோழர்களுக்கு ஒரு வேளை உணவு கொடுத்தால் போதும் என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். 22 பேர் சாப்பிட்டார்கள், செலவு 25 லீரா. மீதி 215 லீராவோடு அந்த மனிதன் நண்பனாகப் பிரிந்தான். வெற்றி பெறும் தைரியமும், பெற்றதைத் திருப்பிக் கொடுக்கும் மனமும் ஒரே மாணவனிடம் ஒரே நாளில் வெளிப்பட்டன.

இடமில்லாத ஞாயிறுகள்

1841 ஜூன் 5 அன்று குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்ட தொன் போஸ்கோ தூரின் நகருக்கு வந்தார். அது தொழில் வளர்ந்துகொண்டிருந்த நகரம். மலைக் கிராமங்களிலிருந்து சிறுவர்கள் கொத்தனாருக்குச் சித்தாளாகவும், புகைபோக்கி துடைப்பவராகவும் வேலை தேடி வந்து குவிந்தார்கள். நம் பூந்தமல்லியிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வரை நெடுஞ்சாலையோரம் கட்டடங்களிலும் தொழிற்சாலைகளிலும் வேலை செய்ய வெளிமாநிலங்களிலிருந்து வந்திருக்கும் இளைஞர்களை நினைத்துப் பார்த்தால் அந்தக் காட்சி நமக்குப் புரியும். ஞாயிறு வந்தால் அவர்களுக்குப் போக இடமில்லை, தெரிந்த முகமும் இல்லை. தொன் போஸ்கோ தூரின் சிறைகளுக்குப் போய் வந்தபோது, இதே வயதுப் பிள்ளைகள் அங்கே அடைபட்டுக் கிடப்பதையும், விடுதலையானவர்கள் மீண்டும் அங்கேயே திரும்பி வருவதையும் கண்டார். வெளியே அவர்களுக்கு ஒரு நண்பர் இருந்திருந்தால் உள்ளே வந்திருக்க மாட்டார்கள் என்று அவருக்குத் தோன்றியது.

1841 டிசம்பர் 8, அமல உற்பவ அன்னையின் திருநாள். பார்த்தலோமேயு கரெல்லி என்ற அனாதைச் சிறுவன் ஒருவனோடு அவருடைய ஞாயிறு மன்றம் தொடங்கியது. சில ஆண்டுகளில் நூற்றுக்கணக்கானோர் வந்தார்கள். கூட்டம் பெருகியபோது இடம்தான் இல்லை. ஒரு கல்லறைத் தோட்டத்துச் சிற்றாலயம், ஆற்றோர மாவு ஆலைகள், ஒரு வாடகை வீடு, கடைசியில் வெறும் புல்வெளி. ஒவ்வோர் இடத்திலிருந்தும் வெளியேற்றப்பட்டார்கள். சத்தம் என்று அக்கம்பக்கத்தார் புகார் செய்தார்கள். இத்தனை இளைஞர்கள் ஒன்றுகூடுவது கலகத்தில் முடியும் என்று நகர அதிகாரி மிக்கேலே கவூர் சந்தேகப்பட்டார். அவருக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நம்பிய இரண்டு குருக்கள், அவரை மனநல விடுதிக்குக் கொண்டுபோக வண்டியோடு வந்தார்கள். அவர் மரியாதையாக அவர்களை முதலில் ஏறச் சொல்லி, கதவைச் சாத்தி, வண்டிக்காரனை விரட்டி ஓட்டச் சொல்லிவிட்டார் என்பது பலரும் அறிந்த செய்தி.

சுபெர்கா குன்றுக்கு

இடமில்லாத அந்த ஆண்டுகளில் அவர் செய்தது எளிமையானது. சிறுவர்களை அழைத்துக்கொண்டு நடந்தார். ஞாயிறு காலையில் நகருக்கு வெளியே உள்ள ஏதாவது ஓர் ஆலயத்துக்குப் போவார்கள். அங்கே ஒப்புரவு அருளடையாளம், திருப்பலி, பிறகு ரொட்டி, விளையாட்டு, மறைக்கல்வி. மாலையில் பாடிக்கொண்டே திரும்புவார்கள்.

அவற்றில் ஒன்று சுபெர்கா குன்றின் உச்சியில் உள்ள பேராலயத்துக்குப் போனது. ஏறத்தாழ 670 மீட்டர் உயரம். ஒரு மேளம், ஒரு ஊதுகொம்பு, ஒரு கித்தார் இவ்வளவுதான் அவர்களுடைய வாத்தியங்கள். ரொட்டியும் பாலாடைக்கட்டியும் பழங்களும் சுமந்துகொண்டு ஏறினார்கள். மேலே அவர்களுக்குச் சூடான சாப்பாடு தயாராக இருந்தது. சாப்பிட்டு, பேராலயத்தின் கதையைக் கேட்டு, செபம் பாடி, அந்தியில் இறங்கினார்கள். பல ஆண்டுகளுக்குப் பின் தம் நினைவுகளை எழுதியபோது தொன் போஸ்கோ இந்த ஒரு நாளை விரிவாக எழுதி வைத்தார்.

அந்தச் சிறுவர்களை நினைத்துப் பாருங்கள். வாரம் முழுவதும் செங்கல்லும் சுண்ணாம்பும் சுமந்து, மேஸ்திரியின் ஏச்சைக் கேட்டவர்கள். அவர்கள் காலடியில் அன்று நகரம் முழுவதும் கிடந்தது. தாங்கள் கட்டிய சுவர்கள் கீழே சிறியதாகத் தெரிந்தன. ஏறி முடித்தேன் என்ற நினைவு ஒரு பிள்ளைக்குள் என்ன செய்யும் என்பதைப் பெற்றோர் அறிவீர்கள். தன்னம்பிக்கை பேச்சினால் வருவது அல்ல. காலால் ஏறி, கையால் சுமந்து, வழி தவறித் திரும்பி வந்து, தன்னால் முடியும் என்று தானே கண்டறியும்போதுதான் அது வருகிறது.

1846 உயிர்ப்புப் பெருவிழா அன்று வல்தோக்கோ பகுதியில் ஒரு தாழ்ந்த கொட்டகை அவர்களுக்கு நிலையான இடமானது. அதே ஆண்டு ஜூலையில் தொன் போஸ்கோ கடும் நோயில் வீழ்ந்து சாகும் நிலைக்குப் போனார். அப்போது நடந்தது அவரே எதிர்பாராதது. கோடை வெயிலில் சாரத்தின் மேல் நின்று வேலை செய்த அந்தச் சித்தாள் பிள்ளைகள், அவருக்காக நோன்பிருந்தார்கள். ரொட்டியும் தண்ணீரும் மட்டும் உட்கொண்டு, முறை வைத்து ஆலயத்தில் விழித்திருந்து செபித்தார்கள். கொடுக்க ஒரு காசும் இல்லாதவர்கள் தங்கள் பசியைக் கொடுத்தார்கள். அவர் பிழைத்தார்.

காலராவும் சிறைப் பிள்ளைகளும்

1854 கோடையில் தூரினில் காலரா பரவியது. நோயாளிகளைத் தொட உறவினரே அஞ்சினார்கள். தொன் போஸ்கோ தம் இல்லத்துப் பிள்ளைகளிடம் துணைக்கு வரக் கேட்டார். முதலில் 14 பேர் முன்வந்தார்கள், பிறகு மேலும் 30 பேர். இந்த 44 பேரும் வீடு வீடாகப் போய் நோயாளிகளைத் தூக்கினார்கள், கழுவினார்கள், மருத்துவ விடுதிகளில் இரவு பகலாகப் பணி செய்தார்கள். போர்த்தத் துணி போதாதபோது தாய் மார்கரீத்தா பீடத்துணிகளையும் எடுத்துக் கொடுத்தார். அவர்களில் ஒருவரையும் காலரா தொடவில்லை. இவர்கள் சில ஆண்டுகளுக்கு முன்வரை யாராவது கொடுப்பார்களா என்று நின்றவர்கள் என்பதை நாம் மறக்கக்கூடாது.

அடுத்த ஆண்டு, 1855-இல் நடந்ததாகச் சலேசிய மரபு போற்றிவரும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. ஜெனராலா என்ற சீர்திருத்தச் சிறையில் இருந்த 300-க்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கு அவர் தியானம் கொடுத்தார். முடிவில் அவர்களை ஒரு நாள் ஸ்துப்பினீஜி என்ற இடத்துக்கு உலா அழைத்துப் போக அனுமதி கேட்டார். காவலர் ஒருவரும் கூட வரக்கூடாது என்பது அவருடைய நிபந்தனை. அமைச்சர் ரத்தாசி தயங்கித்தான் அனுமதித்தார். பிள்ளைகள் போனார்கள், ஆற்றோரம் விளையாடினார்கள், செபித்தார்கள். மாலையில் எண்ணிப் பார்த்தபோது ஒருவரும் குறையவில்லை. உணவு மூட்டைகளைச் சுமந்து வந்த கழுதையின் பாரத்தைத் தாங்கள் எடுத்துக்கொண்டு, களைத்துப்போன தொன் போஸ்கோவை அதன் மேல் ஏற்றி அழைத்து வந்தார்களாம். நம்பப்பட்டவர்கள் அந்த நம்பிக்கைக்கு உரியவர்களாக நடந்துகொண்டார்கள்.

இலையுதிர்கால நடைப்பயணங்கள்

ஒவ்வோர் அக்டோபரிலும் செபமாலை அன்னையின் திருநாளுக்குத் தம் சொந்த ஊரான பெக்கிக்குச் சில பிள்ளைகளை அவர் அழைத்துப் போவது வழக்கம். அது வளர்ந்து, 1860-களின் தொடக்கத்தில் மொன்ஃபெர்ராத்தோ குன்றுப் பகுதி முழுவதும் ஊர் ஊராகச் செல்லும் நீண்ட பயணங்களானது. 1864-இல் நடந்த கடைசிப் பயணம் ஜெனோவா கடற்கரை வரை எட்டியது.

பெரிய பேருந்து, விடுதி என்று எதுவும் இல்லை. வைக்கோல் போட்ட களஞ்சியங்களில் தூக்கம். ஊர்ப் பங்குத்தந்தையரும் மக்களும் தருவதுதான் சாப்பாடு. ஆனால் பிள்ளைகள் சும்மா வாங்கிச் சாப்பிடவில்லை. பேண்டு வாத்தியம் முழங்க ஊருக்குள் நுழைந்தார்கள், கோவிலில் திருப்பலிக்குப் பாடினார்கள், மாலையில் ஊர்ச் சதுக்கத்தில் மேடை போட்டு நாடகம் நடித்தார்கள். விருந்தினராக வந்தவர்கள் ஊருக்கே விருந்து கொடுத்துப் போனார்கள். ஓர் அனாதைப் பிள்ளை ஒரு கிராமமே பார்த்துக்கொண்டிருக்க மேடையில் நின்று பாடுகிறான், மக்கள் கைதட்டுகிறார்கள். தன்னிடமும் பிறருக்குக் கொடுக்க ஏதோ இருக்கிறது என்பதை அவன் அன்றுதான் தெரிந்துகொள்கிறான்.

இந்தப் பயணங்களைப் பார்த்து ஊர்ப் பிள்ளைகள் பலர் அவருடைய இல்லத்தைத் தேடி வந்தார்கள். கடைசிப் பயணத்தின்போது மொர்னேசே என்ற ஊரில் மரிய மசரெல்லோ என்ற இளம்பெண் தொன் போஸ்கோவை முதன்முதலாகக் கண்டார். எட்டு ஆண்டுகளுக்குப் பின், 1872-இல், அவரோடு சலேசிய சகோதரிகள் சபை பிறந்தது. பிள்ளைகளை உலா கூட்டிப்போன ஒரு பயணத்தில் விழுந்த விதை அது.

1877-இல் தம் கல்வி முறையைச் சுருக்கி எழுதியபோது, ஓடவும் குதிக்கவும் பிள்ளைகளுக்குத் தாராளமான சுதந்திரம் வேண்டும் என்றும், விளையாட்டு, இசை, நாடகம், உலா ஆகியவை ஒழுக்கத்துக்கும் நலவாழ்வுக்கும் சிறந்த வழிகள் என்றும் அவர் எழுதினார். அதே எழுத்தில், பெரியவர்கள் பிள்ளைகளோடு எப்போதும் உடனிருக்க வேண்டும் என்பதையும் அழுத்திச் சொன்னார். சுதந்திரமும் உடனிருப்பும் அவருக்கு ஒன்றோடொன்று இணைந்தவை. இங்கிலாந்தில் பேடன் பவல் 1907-இல் சிறுவர்களுக்கான முதல் சாரண முகாமை நடத்துவதற்கு நாற்பது ஆண்டுகளுக்கும் முன்பே இந்த அனுபவம் தூரினில் வேர் விட்டிருந்தது.

பன்னிரண்டு காப்பிக் கோப்பைகள்

பிள்ளைகள் வளர்ந்து வேலைக்குப் போனார்கள், குடும்பம் நடத்தினார்கள். எல்லாரும் திரும்பி வந்தார்கள் என்று நாம் சொல்ல முடியாது. ஆனால் வந்தவர்கள் இருந்தார்கள். 1870 ஜூன் 24, தொன் போஸ்கோவின் பெயர் விழாவாகக் கொண்டாடப்பட்ட திருமுழுக்கு யோவான் திருநாள். கார்லோ கஸ்தீனி என்பவர் பழைய தோழர்கள் சிலரைச் சேர்த்துக்கொண்டு அவரைப் பார்க்க வந்தார். இவர் சிறுவனாக ஒரு முடிதிருத்தும் கடையில் வேலை பழகிக்கொண்டிருந்தபோது தொன் போஸ்கோவின் கண்ணில் பட்டு, அனாதையானபின் அவர் இல்லத்தில் வளர்ந்தவர். அவர்கள் கொண்டுவந்த பரிசு பன்னிரண்டு காப்பிக் கோப்பைகள். தொழிலாளிகளால் இயன்றது அவ்வளவுதான். ஆனால் அந்தச் சிறு பரிசிலிருந்துதான் இன்று உலகெங்கும் உள்ள தொன் போஸ்கோ முன்னாள் மாணவர் இயக்கம் தோன்றியது.

தொன் போஸ்கோ வாழ்நாள் முழுவதும் கடனாளியாகவே இருந்தார். செல்வர்களின் வாசலில் நின்று கேட்டார், பரிசுச் சீட்டு நடத்தினார். கொடுத்தவர்களுக்கு என்ன திரும்பக் கிடைக்கும் என்று அன்று யாராலும் சொல்ல முடிந்திருக்காது. 1888 ஜனவரி 31 அன்று அவர் இறந்தார். 1934 உயிர்ப்புப் பெருவிழா அன்று அவருக்குப் புனிதர் பட்டம் அளித்தவர் திருத்தந்தை பதினோராம் பயஸ். இளங்குருவாக இருந்தபோது தொன் போஸ்கோவை நேரில் கண்டவர், ஆல்ப்ஸ் சிகரங்களில் ஏறிய மலையேற்ற வீரரும்கூட.

தஞ்சாவூர் வழியாகப் பூந்தமல்லிக்கு

அந்த நடைகள் நம் ஊரையும் வந்தடைந்தன. இடமில்லாமல் அலைந்த ஆண்டுகளில் மன்றத்துக்கு வந்த சிறுவர்களில் ஒருவர் மிக்கேல் ரூவா. 1854-இல் காலரா நோயாளிகளுக்குப் பணிசெய்தவர்களில் ஒருவர் ஜான் கலியேரோ. கலியேரோ 1875-இல் சலேசியரின் முதல் மறைபரப்புக் குழுவை அர்ஜென்டினாவுக்கு நடத்திச் சென்று, பின்னாளில் கர்தினாலானார். ரூவா தொன் போஸ்கோவுக்குப் பின் சபையின் தலைவரானார். அவர் தலைமையில்தான் 1906 ஜனவரியில் அருட்தந்தை தொமாத்திஸ் தலைமையில் ஒரு சிறு குழு தஞ்சாவூருக்கு வந்து சேர்ந்தது. இந்தியாவில் சலேசியரின் முதல் இல்லம் தமிழ் மண்ணில்தான் தொடங்கியது.

அந்தச் சபையின் மகனான பேராயர் லூயிஸ் மத்தியாஸ் 1935-இல் சென்னையின் பேராயரானார். அடுத்த ஆண்டு அவர் நிறுவியதுதான் நம் பூந்தமல்லி திரு இருதய குருத்துவக் கல்லூரி. இங்கே படித்த குருக்கள் தமிழகம் எங்கும் பணிபுரிகிறார்கள். எண்ணிப் பார்த்தால் வியப்பாக இருக்கிறது. தூரின் நகரில் ஓர் ஏழைக் குருவோடு நடந்த சிறுவன் ஒருவன், அறுபது ஆண்டுகளுக்குப் பின், தான் பார்த்திராத நம் மக்களுக்குக் குருக்களை அனுப்பினான். சுபெர்காவில் அன்று கிடைத்த சாப்பாட்டுக்கும் நம் பங்குகளில் நிறைவேற்றப்படும் திருப்பலிக்கும் இடையே ஒரு மெல்லிய நூல் ஓடுகிறது.

நம் பங்குகளில்

இப்போது நம் கேள்விக்கு வருவோம். நாம் சிறுவர்களாக ஓடிய காலி மனைகளில் இன்று அடுக்குமாடி வீடுகள் நிற்கின்றன. பள்ளி, டியூஷன், கைபேசி என்று நம் பிள்ளைகளின் உலகம் நான்கு சுவருக்குள் சுருங்கிவிட்டது. அருகிலேயே பரங்கிமலை இருக்கிறது, சற்றுத் தொலைவில் பழவேற்காட்டு மாதா கோவில் இருக்கிறது. புனித தோமாவின் மலைப் படிகளில் ஒருமுறைகூட நடந்து ஏறாத மறைக்கல்வி மாணவர்கள் நம்மிடையே உண்டு.

எனவே மூன்று காரியங்களைச் சிந்திப்போம். முதலாவது, உலாவைப் பரிசாகவோ பொழுதுபோக்காகவோ எண்ணாமல், மறைக்கல்வியின் ஒரு பகுதியாகத் திட்டமிடுவோம். பிள்ளைகளுக்கு அங்கே பொறுப்பு கொடுப்போம். சமைக்க உதவுவதும், கணக்கு வைப்பதும், சிறியவர்களைக் கவனிப்பதும், வழிபாட்டை நடத்துவதும் அவர்களுடைய வேலையாகட்டும். எல்லாவற்றையும் பெரியவர்களே செய்து, பிள்ளைகளைப் பேருந்தில் ஏற்றி இறக்கினால் அது தொன் போஸ்கோ காட்டிய வழி ஆகாது.

இரண்டாவது, பாதுகாப்பைப் பற்றிய பெற்றோரின் அச்சம் நியாயமானது. அதற்கு விடை, போகாமல் இருப்பது அல்ல, உடனிருப்பது. எழுத்தில் பெற்றோரின் ஒப்புதல், போதுமான பெரியவர்கள், பெண்பிள்ளைகளுக்குப் பெண் பொறுப்பாளர்கள், முதலுதவி, தண்ணீர் உள்ள இடங்களில் இரட்டைக் கவனம் ஆகியவை இல்லாமல் எந்தக் குழுவும் புறப்படக்கூடாது. அப்பாக்களும் ஒரு நாள் விடுப்பு எடுத்து உடன் வரட்டும்.

மூன்றாவது, பணம் இல்லாததால் ஒரு பிள்ளையும் வீட்டில் நிற்கக்கூடாது. கட்டணம் கட்ட முடியாத வீட்டுப் பிள்ளை தானாகவே காய்ச்சல் என்று சொல்லி ஒதுங்கிக்கொள்ளும், நாமும் அதை நம்பிவிடுவோம். அப்படி ஒதுங்கும் பிள்ளைக்குத்தான் அந்த உலா மிகவும் தேவை. பெயர் சொல்லாமல் ஒரு பிள்ளையின் செலவை ஏற்கும் குடும்பங்கள் ஒவ்வோர் அன்பியத்திலும் எழட்டும். அந்தப் பிள்ளை யாருடைய பணத்தில் போனது என்று அதற்குத் தெரிய வேண்டியதில்லை. தன்னையும் ஒருவர் எண்ணிப் பார்த்தார் என்பது மட்டும் அதன் நெஞ்சில் தங்கும்.

அது எப்போது, யாருக்குத் திரும்பி வரும் என்று நாம் கணக்குப் பார்க்க முடியாது. நம் பங்குக்கே வரும் என்றும் இல்லை. எங்கோ ஒரு மருத்துவமனையில் இரத்தம் கொடுக்கும் கையாக வரலாம், வெள்ளத்தில் பக்கத்துவீட்டாரைத் தூக்கிவரும் தோளாக வரலாம், ஏழை மாணவனுக்குக் கட்டணம் கட்டும் மனமாக வரலாம். இயேசுவும் சீடர்களை நான்கு சுவருக்குள் உட்காரவைத்துக் கற்பிக்கவில்லை. ஏரிக்கரையிலும் மலையிலும் வயல்வழியிலும் கூட்டிக்கொண்டு நடந்தார், அவர்களை நம்பினார், இருவர் இருவராக அனுப்பியும் வைத்தார்.

இந்தக் கோடையில் நம் பிள்ளைகள் கேட்கும்போது, புனித தொன் போஸ்கோவை நினைத்துக்கொண்டு பதில் சொல்வோம். இளையோரின் தந்தையும் ஆசிரியருமான அவர், நம் பிள்ளைகளுக்காகவும் அவர்களோடு நடக்கத் துணியும் பெரியவர்களுக்காகவும் இறைவனிடம் பரிந்து பேசுவாராக. ஆமென்.